டேஷ்போர்டிலிருந்து உருவப்பட்ட ரேடியோ: கார் மின்னணுச் சாதனத் திருட்டும் அதற்கெதிரான காப்பு முறைகளும்

1980களில் இத்தாலிய நகரங்களில் பிட்சா கடைக்குள் நுழைபவர் கக்கத்தில் ஒரு கார் ரேடியோவை இடுக்கிக்கொண்டு வருவது அன்றாடக் காட்சி. காரை நிறுத்தியதும் டேஷ்போர்டிலிருந்து அதை உருவி, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி வந்து, சாப்பிட்டு முடிக்கும்வரை மேசைமேல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். அங்கே அதற்கு 'எஸ்த்ராயிபிலே' என்று பெயர். உருவி எடுக்கத்தக்கது என்று பொருள். நியூயார்க்கில் அதே வகைப் பெட்டியை 'பென்ஸி பாக்ஸ்' என்றார்கள். அந்த நகரத்தின் தெருவோரங்களில் நின்ற கார்களின் கண்ணாடிகளில் 'ரேடியோ இல்லை' என்று கையால் எழுதிய அட்டைகள் ஒட்டப்பட்டிருந்தன. திருடனை நோக்கி எழுதப்பட்ட வேண்டுகோள் அது: கண்ணாடியை உடைக்காதே, உள்ளே ஒன்றுமில்லை.

ஒரு பொருளைக் காப்பாற்ற அதன் சொந்தக்காரரே அதை நாள்தோறும் பிடுங்கி எடுக்கவேண்டிய நிலை எப்படி வந்தது, பிறகு எப்படிப் போனது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பூட்டும் அலாரமும் செய்யாததை, திருடிய பொருள் வேறிடத்தில் வேலை செய்யாது என்ற நிலைமை செய்தது என்பது என் முடிவு. அதே வேளையில், பொருளை முடக்கவும் உயிர்ப்பிக்கவுமான அதிகாரம் காருக்குச் சொந்தக்காரரிடமிருந்து படிப்படியாகத் தயாரிப்பாளரிடம் போய்விட்டது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு முழுமையாகப் புரியும்.

கனமே காவல்

1930இல் சிகாகோவில் பால் கால்வினின் நிறுவனம் 'மோட்டரோலா' என்ற பெயரில் கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 110 முதல் 130 டாலர்வரை. அன்றைக்கு 500, 600 டாலருக்கு ஒரு ஃபோர்டு காரே கிடைத்தது. ஐரோப்பாவில் 1932இல் பிளாபங்க்ட் பெயரில் வந்த 'ஆட்டோசூப்பர் ஏஎஸ் 5' என்ற ரேடியோ சுமார் 15 கிலோ எடையுள்ளது, கொள்ளளவு 10 லிட்டருக்கு மேல். விலை 465 ரைஷ்மார்க். ஓட்டுநருக்கு முன்னால் வைக்க இடம் போதாததால் ஸ்டீயரிங் தண்டில் ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தி, அங்கிருந்தே நிலையத்தை மாற்றினார்கள்.

இத்தகைய ரேடியோவைக் கழற்றுவது எளிதல்ல. வால்வுகள், அதிர்வி, ஒலிபெருக்கி, தனித்தனி ஒயர்கள் என்று காரின் உடம்போடு பின்னிக் கிடந்த அமைப்பு அது. கழற்றினாலும் இன்னொரு காரில் பொருத்துவதற்குப் புதிதாக இடம் செய்யவேண்டும். யாரும் திட்டமிடாமலே அதன் கனமும் பொருந்தாத்தன்மையும் அதற்குக் காவலாக இருந்தன.

அந்தக் காவலைத் தளர்த்தியது டிரான்சிஸ்டர். 1955இல் ஃபில்கோவும் கிறைஸ்லரும் முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன கார் ரேடியோவை அறிவித்தன. வால்வும் அதிர்வியும் போனதால் பெட்டி சிறுத்தது, மின்சாரத் தேவையும் குறைந்தது. 1960களின் இறுதியில் பிலிப்ஸ் கேசட் காருக்குள் நுழைந்தது. செய்தி கேட்கும் பெட்டியாக இருந்தது, விரும்பிய பாட்டைக் கேட்கும் பெட்டியாயிற்று. நடுத்தரக் குடும்பம் ஆசைப்பட்டு வாங்கும் பொருள்களில் அதுவும் ஒன்றாயிற்று.

ஒரே அளவு

இந்த வரலாற்றின் முக்கியத் திருப்பமாக நான் கருதுவது ஓர் அளவு விதியை. ஜெர்மானியத் தரநிர்ணய நிறுவனமான டி.ஐ.என். கார் ரேடியோவின் முகப்புக்கு 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் என்று வகுத்தது. 75490 என்ற எண் கொண்ட அந்த விதி 1984இல் ஐ.எஸ்.ஓ. 7736 என்ற உலகத் தரமாயிற்று. வாங்குபவருக்கு அது பெரிய விடுதலை. எந்தக் கார் வைத்திருந்தாலும் எந்த நிறுவனத்தின் ரேடியோவையும் வாங்கி மாட்டலாம். பிடிக்கவில்லையென்றால் மாற்றலாம், காரை விற்கும்போது ரேடியோவை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 1995இல் பின்பக்க ஒயர் இணைப்புக்கும் ஐ.எஸ்.ஓ. 10487 என்ற தரம் வந்தது. அதன்பிறகு ஒயரை வெட்டி ஒட்டும் வேலையும் குறைந்தது.

அந்தக் கால ஜெர்மன் ரேடியோவின் முகப்பை உற்றுப் பார்த்தால் இரண்டு ஓரங்களிலும் மேலொன்று கீழொன்றாகச் சிறு துளைகள் தெரியும். 'யு' வடிவில் வளைத்த இரண்டு எஃகுக் கம்பிகளை அந்தத் துளைகளில் செருகி, 'க்ளிக்' என்ற சத்தம் வரும்வரை அழுத்தவேண்டும். உள்ளேயிருக்கும் தகட்டு வில்கள் விடுபடும். கம்பிகளைச் சற்று வெளிப்பக்கமாக விரித்து இழுத்தால் ரேடியோ மேசை இழுப்பறைபோல வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பின்னால் ஏரியல் ஒயரும் இரண்டு பிளக்குகளும்தான். மெக்கானிக்கின் வசதிக்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் ஒரு காருக்கு உதவும் கம்பி ஆயிரம் காருக்கும் உதவும். ஒரு காரிலிருந்து எடுத்தது எந்தக் காரிலும் உட்காரும். கனத்தாலும் பொருந்தாமையாலும் கிடைத்த பழைய காவல் இரண்டும் ஒரே விதியால் போய்விட்டன.

குற்றவியல் அறிஞர் ரொனால்டு கிளார்க் 1999இல் பிரிட்டிஷ் உள்துறைக்கு எழுதிய ஆய்வறிக்கையில், திருடர்கள் விரும்பும் பொருள்களுக்கு ஆறு இயல்புகளைச் சொன்னார். மறைப்பது எளிது, தூக்கிச் செல்லலாம், எங்கும் கிடைக்கும், விலை மதிப்புண்டு, அனுபவிக்க இன்பமானது, விற்பது எளிது. டி.ஐ.என். அளவிலான கார் ஸ்டீரியோவில் இந்த ஆறும் உண்டு. இதற்கு ஐந்தாண்டு முன்பே அவரும் அந்தோணி பிராகாவும் ஜெர்மனியின் நிலவரத்தை ஆராய்ந்தார்கள். அந்நாட்டில் காரிலிருந்து பொருள் திருடுவது பெருகியதை, கார்களில் தரமான ரேடியோக்கள் பெருகியதோடு இணைத்துப் பார்த்த கட்டுரை அது. திருடனின் குணத்தை விட்டுவிட்டுத் திருடப்படும் பொருளை விசாரித்த இந்தப் பார்வைதான் சரியான பார்வை என்பது என் எண்ணம். ஒரு தலைமுறைக்குள் ஒரு நாட்டு மக்களின் குணம் அவ்வளவு மாறிவிடாது. பொருளின் வடிவமைப்பு மாறும்.

கையில் எடுத்துப் போவது, எண்ணைக் கேட்பது

முதல் எதிர்வினைதான் கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட உருவி எடுக்கும் பெட்டி. அதற்கென டேஷ்போர்டில் ஓர் உறை பொருத்தப்பட்டிருக்கும். காப்பு முழுமையானதுதான், ஆனால் உழைப்பு முழுவதும் உரிமையாளருடையது. ஒன்றிரண்டு கிலோ எடையைத் திரையரங்குக்கும் கடைக்கும் சுமந்து அலுத்தவர்கள் அதை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார்கள். அது எங்கே இருக்கும் என்பது திருடருக்கும் தெரிந்துபோயிற்று.

அடுத்து வந்தது கழற்றும் முகப்பு. முழுப் பெட்டியையும் தூக்காமல், பொத்தான்களும் திரையும் உள்ள முன்தகட்டை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். 1990களில் கிளாரியன், பயனியர், கென்வுட், சோனி எல்லாமே இதைச் செய்தன. முகப்பு இல்லாத பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். கென்வுட் நிறுவனத்தின் 'மாஸ்க்' வகையில் காரை அணைத்ததும் முகப்பு தானே திரும்பி, வெறும் கறுப்புத் தகடாகத் தோன்றும். உள்ளே ரேடியோ இருப்பதே தெரியாது.

இதற்கிணையாக வளர்ந்த இன்னொரு வழி, ரேடியோவுக்கே நினைவாற்றல் கொடுப்பது. பேட்டரியிலிருந்து ஓர் ஒயர் எப்போதும் ரேடியோவுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்த இணைப்பு அறுந்தால் தன்னை யாரோ கழற்றிவிட்டதாக ரேடியோ எடுத்துக்கொள்ளும். மறுபடி மின்சாரம் வந்ததும் பாடாது, எண்ணைக் கேட்கும். ஃபோக்ஸ்வேகன் கார்களில் திரையில் 'சேஃப்' என்ற சொல் வந்து நிற்கும். நான்கு இலக்க எண்ணை இருமுறை தவறாகப் போட்டால் ஒரு மணி நேரம் காத்திருக்கவேண்டும். பத்தாயிரம் எண்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க நினைப்பவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் பூட்டு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் டெல்கோ ரேடியோக்களிலும் இதே வகைப் பூட்டு இருந்தது. பிளாபங்க்ட் நிறுவனம் எண்ணுக்குப் பதிலாக 'கீகார்டு' என்ற அட்டையைக் கொடுத்தது. அட்டையைச் செருகினால்தான் ரேடியோ பேசும்.

இந்த முறையில் ஓர் ஓட்டை உண்டு. எண் ரேடியோவைக் காக்கும், கார்க் கண்ணாடியைக் காக்காது. கண்ணாடியை உடைத்து, ரேடியோவை எடுத்துப்போய், விற்க முயலும்போதுதான் அது ஊமை என்று திருடனுக்குத் தெரியும். அதற்குள் உரிமையாளருக்கு நட்டம் ஏற்பட்டுவிடும். எனவேதான் 'இந்த ரேடியோ எண்பூட்டு உள்ளது' என்ற ஸ்டிக்கரைக் கார்க் கண்ணாடியில் ஒட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு திருடனும் ஏமாந்து ஏமாந்து, கார் ரேடியோ என்ற பண்டத்தின் மேலேயே சந்தையில் நம்பிக்கை போகவேண்டும். அதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

இன்னொரு ஓட்டை தொழில்நுட்பம் சார்ந்தது. எண் பதிந்திருந்தது எட்டுக் கால்களுள்ள ஒரு சிறு நினைவகச் சில்லில். அதைப் படிக்கும் கருவி சாதாரண மின்னணுப் பட்டறையிலேயே இருந்தது. ரெனோ கார்களின் ரேடியோவில் ஒட்டிய சீட்டிலுள்ள ஓர் எழுத்தும் மூன்று இலக்கங்களும் தெரிந்தால், திறப்பு எண்ணைக் கணக்கிட்டுவிடலாம். அந்தக் கணக்கு வெளியே பரவியும் விட்டது. எண் எழுதிய அட்டையைக் காரின் கையுறைப் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் போனவர்களும் நிறையப் பேர்.

வலைப்பின்னலில் கரைந்த ரேடியோ

திருட்டை உண்மையிலேயே குறைத்த மாற்றம் ரேடியோக் கடையிலிருந்து வரவில்லை. பாஷ் நிறுவனம் 1986இல் டெட்ராய்ட்டில் அறிமுகப்படுத்திய 'கேன்' தகவல்தொடர்பு முறை, காரின் கணினிகளை ஒரே ஒயர் இணைப்பில் பேசவைத்தது. 1991இல் மெர்சிடஸ் எஸ் கிளாஸ் காரில் அது வந்தது. பத்தாண்டு கழித்து ஒலி, படத் தகவல்களுக்கென்றே ஒளியிழையில் ஓடும் 'மோஸ்ட்' முறை பி.எம்.டபிள்யூ 7 வரிசையில் வந்தது. இதற்குப் பிறகு ரேடியோ ஒரு பெட்டியாக இருக்கவில்லை. திரை ஓரிடத்தில், கணினி ஓரிடத்தில், ஒலிபெருக்கி டிக்கிக்குள். டேஷ்போர்டு வளைவுக்கேற்ப வார்க்கப்பட்ட முகப்பை வேறு மாடலில் பொருத்த வழியில்லை. 1932இல் தற்செயலாக இருந்த பொருந்தாத்தன்மை இப்போது வடிவமைப்பாகத் திரும்பி வந்தது.

2002இல் வெளிவந்த ஆடி ஏ8 தலைமுறையில் இதன் உச்சம் தெரிகிறது. 'உறுப்புக் காப்பு' எனப்படும் அந்த ஏற்பாட்டில், காரின் கட்டுப்பாட்டுக் கணினிகள் ஒவ்வொன்றும் தான் இந்தக் காருக்கே உரியது என்று நிரூபிக்கவேண்டும். வேறு காரிலிருந்து வந்த கருவியென்றால் அதன் செயல்கள் முடக்கப்படும். இசைக்கருவி திரையைக் காட்டும், ஆனால் குரல் எழும்பாது. முடக்கத்தை நீக்க டீலர் தன் கருவியை ஜெர்மனியிலுள்ள 'ஃபாஸிட்' என்ற மையத் தரவுத்தளத்தோடு இணைத்து அனுமதி வாங்கவேண்டும். திறப்பெண் இப்போது அட்டையிலும் இல்லை, சில்லிலும் இல்லை. நாடு கடந்த ஒரு கணினியில் இருக்கிறது.

பிரிட்டனின் குற்றக் கணக்கெடுப்பின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாகனம் தொடர்பான திருட்டுகள் 1995இல் 40 லட்சத்துக்கு மேல் இருந்து, 2010களின் நடுவில் 10 லட்சத்துக்கும் கீழே வந்தன. இதில் எஞ்சின் முடக்கியின் பங்கு பெரியது. ஐரோப்பிய ஒன்றியம் அதை 1998 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கியது. ரேடியோ எல்லாக் கார்களிலும் கம்பெனியிலேயே பொருத்தி வந்ததும், கைப்பேசியில் பாட்டு கேட்கத் தொடங்கியதும் காரணங்களே. கிளார்க் சொன்ன ஆறு இயல்புகளில் தூக்கிச் செல்வது, விற்பது ஆகிய இரண்டும் போனதால் ரேடியோ திருடர் பட்டியலிலிருந்து விழுந்தது.

ஆனால் திருட்டு நின்றுவிடவில்லை. 2000களின் நடுவில் கண்ணாடியில் ஒட்டும் வழிகாட்டிக் கருவிகள் குறியாயின. கருவியை எடுத்துப் போனால் மட்டும் போதாது, கண்ணாடியில் பதிந்த உறிஞ்சுவட்டத்தின் தடத்தையும் துடைத்துவிடுங்கள் என்று பிரிட்டிஷ் போலீஸ் அறிவுறுத்தியது. அடுத்த பத்தாண்டில் ஐரோப்பாவில் விலை உயர்ந்த கார்களின் உள்ளமைந்த வழிகாட்டித் திரைகளும் காற்றுப்பை பொருத்திய ஸ்டீயரிங்குகளும் கழற்றப்பட்டன. 2023இல் வெளியான ஓர் ஆய்வு, லண்டனில் காணாமற்போன ஒரு டொயோட்டாவின் கதையை விளக்கியது. முகப்பு விளக்கின் ஒயரைப் பிடித்து, அதன்வழியே 'கேன்' இணைப்புக்குள் போலிச் செய்தியைச் செலுத்திக் கதவைத் திறந்திருக்கிறார்கள். அதற்கான கருவி புளூடூத் ஸ்பீக்கர் உறைக்குள் மறைத்து விற்கப்பட்டது.

யாருடைய பூட்டு

எண்பூட்டுக் காலத்தில் திறவுகோல் காருக்குச் சொந்தக்காரரிடம் இருந்தது. அதைத் தொலைத்தால் குற்றம் அவருடையது, வைத்திருந்தால் உரிமையும் அவருடையது. உறுப்புக் காப்பு வந்தபின், விபத்தில் நொறுங்கிய காரிலிருந்து முறையாக வாங்கிய கருவிக்கும் திருட்டுக் கருவிக்கும் காரின் கண்ணில் வேறுபாடில்லை. இரண்டுமே ஊமை. சென்னையின் பழைய கார் உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் நியாயமாகப் பணம் கொடுத்து அத்தகைய செகண்ட் ஹேண்ட் கருவியை வாங்குபவரும், தெருமுனை மெக்கானிக்கும், திருடனுக்குப் போட்ட பூட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். திருட்டைத் தடுத்ததற்கு இது தவிர்க்கமுடியாத விலை என்பதை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இலேயே பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் கொண்டுவந்த விதியின் கீழ் 'செர்மி' என்ற ஏற்பாடு உருவாயிற்று. காப்புத் தொடர்பான தகவல்களை, பின்னணி சரிபார்க்கப்பட்ட தனியார் பட்டறைகளும் பெறுவதற்கான வழி அது. நேர்மையான பட்டறைக்கு மட்டும் கதவைத் திறக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று. இந்தியாவிலும் அத்தகைய விதி வேண்டும்.

அதுவரை, எண்பூட்டு உள்ள பழைய காரை வாங்குபவர்கள் ஆர்.சி. புத்தகத்தையும் இரண்டாம் சாவியையும் கேட்பதுபோல ரேடியோவின் எண் அட்டையையும் கேட்டு வாங்குங்கள். பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் அந்த எண் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய அட்டையைக் காரில் வைக்காதீர்கள், வீட்டில் வையுங்கள்.