வளைந்துகொடுத்த மரம்

ரெட்டியார்பாளையத்தில் குடியிருக்கும் எனக்கு, 'இந்த ஊருக்குச் சொந்தக்காரங்க யாரு?' என்ற கேள்வி எப்போதும் கொஞ்சம் சிக்கலாகத்தான் படும். ஊர்ப்பெயரிலேயே தெலுங்கு நாட்டிலிருந்து வந்த ஒரு பட்டம் இருக்கிறது. படை தங்கும் இடத்தைக் குறித்த பாளையமும் கூடவே இருக்கிறது. பக்கத்து லாஸ்பேட்டை, பிரெஞ்சு கவர்னராக இருந்த லா என்பவரின் பெயரைச் சுமக்கிறது. இப்படி வந்தவர்கள் பெயரெல்லாம் ஊர்ப்பெயராகிவிட்ட புதுச்சேரியில்தான், இடைசெவலிலிருந்து வந்த ஒரு விவசாயி தன் கடைசி முப்பது வருஷங்களைக் கழித்தார். கி. ராஜநாராயணன்.

கி.ரா.வை எழுத்தாளர் என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் நிலத்தில் விவசாயம் பார்த்தவர் அவர். விவசாயிகள் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். 1989இல் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு நாட்டார் வழக்காற்றியல் சொல்லித்தர வந்தபோது அவருக்கு அறுபத்தைந்து வயது தாண்டியிருந்தது. அதற்குப் பதின்மூன்று வருஷம் முன்பு, 1976இல், தன் முன்னோர்கள் தெலுங்கு நாட்டிலிருந்து கரிசல் காட்டுக்கு வந்த கதையை 'கோபல்ல கிராம'மாக எழுதியிருந்தார். தமிழில் ஒரு குடியேறிக் குடும்பத்தின் வரலாற்றை அந்தக் குடும்பத்து விவசாயியே எழுதிய புத்தகம் என்று எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

நாவலில் கதை சொல்பவள் நூற்று முப்பது வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள். அவள் சொல்வது இது: அழகான ஒரு பெண்ணை முஸ்லிம் அரசன் ஒருவன் கேட்கிறான், கொடுக்க மனமில்லாமல் உறவு முறையெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்புகிறது, பின்னால் படை துரத்துகிறது, முன்னால் ஆறு. அங்கே ஒரு மரம் வளைந்துகொடுத்துக் கரை சேர்க்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும். 1909இல் எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில், தொட்டியர் என்கிற கம்பளத்தாரைப் பற்றிய பகுதியிலும் இதே கதை வருகிறது. அங்கே ஆற்றின் இரு கரையிலும் நிற்கும் புங்க மரங்கள் வளைந்து பாலமாகின்றன. கி.ரா.வின் முன்னோர் கம்மவார். இவர்கள் வேறு சாதி. கதை மட்டும் ஒன்று. அப்படியென்றால் மங்கத்தாயாரு சொல்வது ஒரு குடும்பத்துக்கு மட்டும் நடந்த சம்பவம் இல்லை. தெற்கே வந்த பல கூட்டங்கள் கைமாற்றிக்கொண்ட ஓர் அச்சு. எங்கள் வேலையில் 'டெம்ப்ளேட்' என்போம்; பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

அச்சு என்பதால் பொய்யாகிவிடாது. அது எதற்குப் பயன்பட்டது என்று கேட்கலாம். 'நாங்க யாரு நிலத்தையும் பிடுங்க வரல, துரத்தினாங்க, வந்தோம். மரமே எங்களுக்கு வழி விட்டுச்சு' என்று அது சொல்கிறது. புது ஊரில் கால் ஊன்றுகிற எவருக்கும் இப்படி ஒரு கதை தேவைப்படும்.

காகித வரலாறு வேறு மாதிரிப் பேசும். விஜயநகரப் படைகள் பதினான்காம் நூற்றாண்டிலேயே மதுரை வரை வந்துவிட்டன. 1529 வாக்கில் விசுவநாத நாயக்கர் மதுரையில் ஆட்சிக்கு வந்தார். நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாகப் பிரித்தார் என்பது மரபு. அந்த அதிகாரத்தின் நிழலில் உழவர் குடும்பங்களும் தெற்கே வந்தன. அடைக்கலம் தேடி வந்தவர்கள், ஆளும் மொழியைப் பேசியவர்களாகவும் இருந்தார்கள். பாட்டியின் கதையில் இந்தப் பாதி வராது.

சரி, ஏன் கரிசலுக்குப் போனார்கள்? திருநெல்வேலி உழவர் வரலாற்றை ஆராய்ந்த டேவிட் லட்டன் இதற்கு நேரான பதில் தருகிறார். தாமிரபரணிக் கரையின் நஞ்சை ஏற்கெனவே வேளாளர், பிராமணர் கையில் இருந்தது. மிச்சம் கிடந்தது வானம் பார்த்த பூமி. கரிசல் மண் நனைந்தால் உப்பிப் பசையாக ஒட்டும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஆனால் ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும். அந்த மண்ணின் குணம் தெரிந்தவர்களுக்குப் பருத்தியும் கம்பும் விளைந்தன. ஆக, இந்த முன்னோடிகள் கையில் கிடைத்தது முதல்தரமான நிலமல்ல. அவர்கள் உழைப்பின் பெருமையும் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அது யாருமே இல்லாத காடா? கி.ரா. இந்த இடத்தில் தன் குடும்பக் கதைக்கு வெள்ளையடிக்கவில்லை என்பதால்தான் அவரை நான் வரலாற்றுக்காகவும் வாசிக்கிறேன். நாவலில் அவர்கள் காட்டுக்குத் தீ வைத்தே நிலம் உண்டாக்குகிறார்கள். அது மட்டுமல்ல, நகைக்காக ஒரு பெண்ணைக் கொன்றவனை ஊர் கூடி விசாரித்துக் கழுவேற்றுகிறது. உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்களின் வாரிசுகள் சில தலைமுறைக்குள் உயிரை எடுக்கும் தீர்ப்பு சொல்லும் இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். அந்தக் காட்டில் முன்பே ஆடு மேய்த்தவர்கள், விறகு பொறுக்கியவர்கள், பிறகு அந்தப் புஞ்சைகளில் கூலிக்கு உழுதவர்கள், இவர்களுக்கும் பாட்டிகள் இருந்திருப்பார்கள். அவர்கள் சொன்ன கதைகளில் மரம் யாருக்காக வளைந்தது?

இதை இப்போது கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. 'வந்தேறி' என்ற சொல் இன்று தமிழ்நாட்டு அரசியலில் சாதாரணமாகப் புழங்குகிறது. ஐந்நூறு வருஷம் முன்பு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளையும் ஒரு கமெண்ட்டில் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், 'காட்டைத் திருத்தினது நாங்கதான்' என்று சொல்லி, கூலிக்கு உழுதவர்களை ஊர்க்கதையிலிருந்தே வெளியே அனுப்புகிற சாதிப்பெருமை. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. எந்தத் தேதியில் கணக்கைத் தொடங்கினால் தனக்கு லாபமோ, அந்தத் தேதியில் வரலாற்றைத் தொடங்கிவைக்கின்றன.

கி.ரா.வின் வாழ்க்கை இந்த இரண்டு கணக்குக்குள்ளும் அடங்காது. தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர், கரிசல் மக்கள் வாயில் புழங்கிய தமிழுக்கு வழக்குச் சொல்லகராதி தொகுத்தார். சம்சாரி வீட்டுச் சொல்லும் கூலிக்காரர் சொல்லும் அதில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. நாவலின் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்க'ளுக்கு 1991இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது.

2021 மே 17 அன்று புதுச்சேரியில் இறந்தார். உடலை இடைசெவலுக்குக் கொண்டுபோய் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். முன்னோர்கள் வந்து சேர்ந்த கரிசல்தான் அவருக்குச் சொந்த ஊர். அதைச் சொல்லும் உரிமை, அங்கே நடந்ததையெல்லாம், தீ வைத்ததையும் சேர்த்து, எழுதிவைத்ததால் அவருக்குக் கூடுதலாகவே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கும். எங்கிருந்து வந்தோம் என்று பெரியவர்கள் ஆசையாகச் சொல்வார்கள். கேட்டு முடித்ததும் இன்னொன்றையும் கேளுங்கள்: நாம வந்தப்போ அங்க யாரு இருந்தாங்க?