நலவாழ்வு, சமூகப் பராமரிப்புக் கேள்வி நேரம் (பிரித்தானியா)

பிரித்தானிய நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில், நலவாழ்வு மற்றும் சமூகப் பராமரிப்புத் துறை அமைச்சர்களிடம் உறுப்பினர்கள் நேரடியாக வினவும் நிகழ்வு. சபை கூடும் காலத்தில் ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு ஒருமுறை, பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில், சுமார் ஒரு மணி நேரம் நடைபெறுகிறது. முன்கூட்டியே அளிக்கப்படும் வினாக்களின் வரிசையைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. அமைச்சர் பதிலளித்ததும் துணைக்கேள்வி எழுப்பலாம். இறுதிப் பகுதி அன்றைய சிக்கல்களுக்கு உரியது.

பல் மருத்துவம் இங்கு அடிக்கடி எழும் பொருள். 1948இல் தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கியபோது பல் சிகிச்சை இலவசம். செயற்கைப் பற்களுக்கு 1951இலும் சிகிச்சைக்கு 1952இலும் கட்டணம் வந்தது. 2006ஆம் ஆண்டின் பல் மருத்துவ ஒப்பந்தம் பல் மருத்துவர்களின் ஊதியத்தைச் சிகிச்சை அலகுகளால் கணக்கிட்டது. ஒரு பல்லை அடைத்தாலும் பலவற்றை அடைத்தாலும் ஒரே அலகுகள் என்ற தொடக்க ஏற்பாடு கடும் கண்டனத்துக்கு உள்ளானது. அரசுச் சேவையில் புதிய நோயாளிகளை ஏற்கும் பல் மருத்துவர்கள் பல ஊர்களில் கிடைப்பதில்லை என்பது உறுப்பினர்களின் தொடர் முறையீடு.

முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான சமூகப் பராமரிப்பை 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சிகள் கவனிக்கின்றன. வசதியைப் பொறுத்துப் பயனாளியும் செலவை ஏற்க வேண்டும். செலவுக்கு உச்சவரம்பு விதிக்கும் திட்டம் பலமுறை ஒத்திவைக்கப்பட்டு 2024இல் கைவிடப்பட்டது.

ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் இத்துறைகள் அவற்றின் சொந்த அரசுகளுக்கு உரியவை. எனவே இவ்வினாக்கள் பெரும்பாலும் இங்கிலாந்தைப் பற்றியவை. வினா விடைகள் முழுவதும் ஹன்சார்ட் பதிவேட்டில் வெளியாகின்றன.