இரண்டு நகர்த்தலில் எத்தனை செக்மேட்?



சதுரங்கம் தெரிந்த பிள்ளைகளிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. ஆளுக்கு இரண்டே நகர்த்தல். அதற்குள் ஆட்டம் செக்மேட்டில் முடிய வேண்டும். எத்தனை விதமாக முடியும்?

"ஒன்றுதான் சார், ஃபூல்ஸ் மேட்" என்பார்கள். இந்தப் பெயர் 1656இல் லண்டனில் பிரான்சிஸ் பீல் வெளியிட்ட சதுரங்க நூலிலேயே இருக்கிறது. கிரேக்கோ என்ற இத்தாலிய ஆட்டக்காரர் எழுதி வைத்தவற்றைத் தழுவிய நூல் அது. முட்டாள் என்றது வெள்ளைக் காய் ஆடுகிறவரை! அதற்கும் ஓரிரு நூற்றாண்டு முன்னால் போனால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பாரசீக, அரபு ஆட்டத்தில் ராணி கிடையாது. அந்த இடத்தில் மந்திரி. அவர் குறுக்காக ஒரு கட்டம்தான் நகர்வார். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில்தான் அவர் பலம் மிக்க ராணி ஆனார்.

சரி, எண்ணுவோம். வெள்ளை தன் எஃப் சிப்பாயை ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ தள்ள வேண்டும். ஜி சிப்பாயை இரண்டு கட்டம் தள்ள வேண்டும். இவற்றில் எது முதலில் என்பதில் இரண்டு வழி. ஆக 2 × 2 = 4. கறுப்பு தன் இ சிப்பாயை ஒன்றோ இரண்டோ தள்ளி ராணிக்கு வழிவிடும்; அது 2. பிறகு ராணி ஹெச்4 கட்டத்துக்கு வந்தால் கதை முடிந்தது. 4 × 2 = 8 ஆட்டங்கள்.

இங்கே ஒரு கெட்டிக்காரப் பிள்ளை, "வரிசை மாறினாலும் கடைசியில் பலகை ஒன்றுபோலத்தானே சார் இருக்கிறது?" என்று கேட்பாள். சரியான கேள்வி. ஆட்டங்கள் 8, முடிவு நிலைகள் 4. எதை 'ஒன்று' என்று வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லாமல் எண்ண ஆரம்பிக்கவே கூடாது.

ஒன்பதாவது ஏன் இல்லை? ராணி ஏ5 வழியாக இடப்பக்கத்திலிருந்தும் ராஜாவைத் தாக்கலாமே? தாக்கலாம். ஆனால் அந்தக் குறுக்குக் கோட்டில் வெள்ளையின் குதிரையோ, பிஷப்போ, ராணியோ வந்து மறித்துவிடும். வலப்பக்கத்தில் மறிக்க வேண்டிய கட்டங்கள் எஃப்2, ஜி3 இரண்டுதான். அருகிலேயே பிஷப்பும் குதிரையும் நின்றாலும் இரண்டும் அங்கே போக முடியாது. பக்கத்துச் சிப்பாய் நேராகத்தான் நகரும். கறுப்பின் பிஷப்போ குதிரையோ இரண்டாம் நகர்த்தலில் செக் சொன்னாலும் தப்ப வழி இருக்கும். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் எட்டுதான் மிஞ்சும்.

கண்டுபிடிப்பது ஒரு வேலை. இனி இல்லை என்று காட்டுவது வேறு வேலை. இந்த இரண்டாவது வேலை பெரியவர்களையே திணற வைத்திருக்கிறது. 1848இல் ஜெர்மானியரான மாக்ஸ் பெட்ஸல் ஒரு புதிர் போட்டார்: ஒன்றையொன்று தாக்காமல் எட்டு ராணிகளைப் பலகையில் வைக்க வேண்டும். செக்மேட் புதிர் அல்ல, ஆனால் எண்ணுகிற சிக்கல் அதேதான். 1850இல் மாமேதை காஸ் இதைக் கையில் எடுத்தார். அவர் முதலில் கண்டது 72. சரியான விடை 92. அதே ஆண்டில் ஃபிரான்ஸ் நௌக் என்பவர் 92ஐயும் வெளியிட்டார். காஸுக்கே இருபது விடுபட்டதென்றால் நம் பிள்ளைகள் ஒன்றிரண்டை விடுவதற்குக் கோபிக்கலாமா? அங்கேயும் 'ஒன்று எது' என்ற கேள்வி உண்டு. பலகையைத் திருப்பியும் கண்ணாடியில் காட்டியும் கிடைப்பவற்றை ஒன்றாக வைத்தால் 92 வெறும் 12 ஆகிவிடும். அதில் பதினொன்று எட்டெட்டாகப் பெருகும். மிகவும் சமச்சீரான ஒன்று மட்டும் நான்காக நின்றுவிடும். 88ம் 4ம் 92.

இன்று கணினி ஒன்று விடாமல் ஆடிப் பார்த்துவிடுகிறது. ஆளுக்கு இரண்டு நகர்த்தலில் 1,97,281 ஆட்டங்கள்; அவற்றில் செக்மேட் 8. நம் கைக்கணக்கு சரிதான். வெள்ளை மூன்றாவது முறை நகர்த்தியதும் ஆட்டங்கள் 48,65,609 ஆகின்றன, அந்த நகர்த்தலில் விழும் செக்மேட் 347. கறுப்பின் மூன்றாவது நகர்த்தலில் விழுபவை 10,828. முழு ஆட்டங்களை எண்ண நினைத்தால், 1950இல் கிளாட் ஷானன் போட்ட மதிப்பீட்டின்படி 1க்குப் பின் 120 சுழிகள்.

கணினி சொல்லும் 347ஐ நான் நம்புகிறேன். ஆனால் ஏன் 347 என்று அது சொல்லவில்லையே! அதனால் பலகை வைத்திருப்பவர்கள் கையாலேயே தொடங்கிப் பாருங்கள். இப்போது முட்டாள்தனத்தைக் கறுப்பு செய்யட்டும். வெள்ளை ராணி ஹெச்5க்குப் போகும். வெள்ளையிடம் ஒரு நகர்த்தல் உபரியாக இருக்கும். அது ராணியின் பாதையை அடைக்காமல் இருந்தால் போதும். அந்த உபரிகளை எண்ணினாலே 347இல் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். மிச்சம் கொஞ்சம் வேறு வழிகளில் வருபவை. அகப்பட்டவற்றைக் கீழே எழுதுங்கள், சேர்த்து எண்ணுவோம்.