ஆடலில் இடமும் வடிவும் நிலையும்

டுரியான் துங்கால் அன்பர்கள் வெளியிடும் இம்மலருக்கு ஆடற்கலையைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென்று விழாக் குழுவினர் பணித்தபோது, அதனை இறைவன் திருத்தொண்டாகவே சிரமேற்கொண்டேன். மலாக்கா மாநிலத்தில் தமிழர் சமயமும் கலையும் தழைத்த வரலாறு இங்குள்ளோர் நன்கறிந்ததே யாதலின், ஆடுவோர் இடத்தையும் வடிவத்தையும் உயர்வு தாழ்வாகிய நிலைகளையும் ஆள்வதில் நம் முன்னோர் கண்ட நுட்பங்களை மட்டுமே ஈண்டு விரிக்க விழைகிறேன்.

இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் ஆடல்மகள் மாதவியை ஆடவிடுமுன் அவள் ஆடும் இடத்தை அளந்து காட்டுகிறார். புண்ணிய மலையில் வளர்ந்து கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளியுடைய மூங்கிலைக் கொணர்ந்து, 24 விரல் அளவினதாகக் கோல் நறுக்கி, அக்கோலால் 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடைய அரங்கினைச் சமைத்து, அரங்கப் பலகைக்கும் உத்தரப் பலகைக்கும் நடுவே 4 கோல் இடைவெளி விட்டனர். காலடியிலுள்ள தரையோடு நில்லாமல் தலைக்கு மேலுள்ள ஆகாயத்தையும் அளந்து வைத்த சிற்பியின் உள்ளம் போற்றுதற்குரியது.

மாதவி ஆடிய பதினோராடலையும் நின்றாடுவன ஆறு, வீழ்ந்தாடுவன ஐந்து என உரைகாரர் வகுத்தனர். அல்லியம், கொட்டி, குடை, குடம், பாண்டரங்கம், மல் ஆகியவை முன்னவை. துடி, கடையம், பேடு, மரக்கால், பாவை ஆகியவை பின்னவை. மரக்காலின்மேல் ஏறி உயர்ந்து நின்று கொற்றவை ஆடிய கூத்தும் வீழ்ந்தாடலில் வைக்கப்பட்டது ஏன்? அசுரர் வஞ்சனையால் தரையில் ஊர்ந்துவந்த பாம்பும் தேளும் நையும்படி அன்னை உழக்கி ஆடினாளாதலின், உடல் உயர்ந்து நின்றபோதும் ஆடலின் நோக்கம் நிலத்திலேயே பதிந்திருந்தது என்பது அடியேன் துணிபு. இதற்கு மாறாக, திருவாலங்காட்டில் காளியோடு ஆடலில் வாதிட்ட சிவபெருமான் திருவடியை அண்டமுற மேலே தூக்கிய ஒரு கணத்தில் வாது முடிந்தது.

வட்டத்தின் மாண்பை அதே காப்பியத்தின் ஆய்ச்சியர் குரவையில் காணலாம். ஆயர்குல முதுமகளாகிய மாதரி ஆயமகளிர் எழுவரை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயர்களை அவர்களுக்கு இடுகிறாள். குரலை மாயவன் என்றும், இளியைப் பலராமன் என்றும், துத்தத்தை நப்பின்னை என்றும் கொள்கிறாள். எழுவரும் கைகோத்து ஆடும்போது அவ்வட்டம் பண்ணும் ஆகிறது, கண்ணன் திருவிளையாடலும் ஆகிறது. இடத்தை இவ்வளவு பொருள் நிறையப் பயன்படுத்திய கூத்து வேறெங்கே உளது!

பரதசாஸ்திரம் அரங்கினைக் கக்ஷ்யைகள் என்னும் பகுதிகளாகப் பிரித்து, அதனைச் சுற்றி நடப்பதாலேயே ஊர்விட்டு ஊர் சென்றமையைப் புலப்படுத்தும் முறையைக் கூறும். நம் தெருக்கூத்தும் அம்முறையை அறியும். இனி வடிவத்தை நோக்கின், பரதநாட்டியத்தில் அரைமண்டியில் அமர்ந்த சிறுமியின் விரிந்த முழங்கால்களும் சேர்ந்த குதிகளும் கீழே ஒரு வடிவைக் கோல, தோள்மட்டத்தில் நீண்ட கைகள் இடையை உச்சியாகக் கொண்டு முக்கோணம் ஒன்றை மேலே வரையும். முழுமண்டியில் அவ்வுருவம் அப்படியே நிலத்தை அணுகும்.

இக்காலத்தை நோக்கின், 1936-ல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவியார் 1944-ல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார். இம்மலாய் நாட்டிலும் 1981-ல் கோலாலம்பூரில் தோன்றிய நுண்கலைக் கோயில் நாட்டிய நாடகங்களை வளர்த்து வருகிறது. ஆயினும் நம் விழாக்களில் குழந்தைகள் இரு வரிசையாக நின்று ஒரே அடவை ஆடி முடிப்பதே பெரும்பாலும் நிகழ்கிறது. நடனம் பயிற்றும் ஆசிரியைமார் அடுத்த திருவிழாவில் ஏழு சிறுமியரைத் தேர்ந்து, கோயில் மண்டபத்தின் நடுவே, சுற்றிலும் சபையோர் அமர்ந்து காணும்படி, ஆய்ச்சியர் குரவையை வட்டமாகவே ஆடச் செய்தருளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.