ஹொரணையில் தாகூர் நாட்டின கல்

தாகூர் என்றால் எங்களுக்கு கீதாஞ்சலி, நோபல் பரிசு, இந்தியாவின் தேசிய கீதம். அதோடு முடிஞ்சுது. அவர் எங்கட நாட்டில ஒரு பாடசாலைக்கு அடிக்கல் நாட்டினவர் என்பது கனபேருக்குத் தெரியாது.

1934 மே மாதம் தாகூர் சாந்திநிகேதன் கலைக்குழுவோடு இலங்கைக்கு வந்தார். கொழும்பில் 'சாபமோசனம்' நாட்டிய நாடகம் மேடையேறியது. அந்தப் பயணத்தில் யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். மே 20ஆம் திகதி ஹொரணையில் ஸ்ரீபாலிக்கு அடிக்கல் நாட்டினார். பாடசாலையைத் தொடங்கியவர் வில்மட் ஏ. பெரேரா. சாந்திநிகேதன் மாதிரி ஒன்று இங்கையும் வேணும் என்பதுதான் அவருடைய ஆசை.

அந்த ஆசையின் பெறுமதி விளங்க வேண்டுமென்றால், அந்தக் காலத்துப் பெரிய பாடசாலைகளை யோசிச்சுப் பாருங்கோ. ஆங்கிலம், சோதனை, அரசாங்க உத்தியோகம். பெரும்பாலும் பெடியளுக்கு ஒரு பாடசாலை, பெட்டையளுக்கு இன்னொன்று. சாந்திநிகேதனிலோ இரண்டு பகுதியும் சேர்ந்து மரநிழலில் படித்தார்கள். பாட்டும் சித்திரமும் நடனமும் அன்றாடப் படிப்பின் பகுதி. 1919இல் அங்கே கலாபவனம் தொடங்கியது. நல்ல கட்டடம் வரட்டும், பிறகு கலையைப் பார்ப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. முதலில் பிள்ளைகளின் நாளில் கலைக்கு நேரம் ஒதுக்கினார்கள்.

அந்தத் தொடர்பு ஒரு கல்லோடு நிற்கவில்லை. பிறகு எங்கட தேசிய கீதத்தை ஆக்கிய ஆனந்த சமரக்கோனும், 1956இல் 'மனமே' நாடகத்தைத் தந்த எதிரிவீர சரச்சந்திரவும் சாந்திநிகேதனுக்குப் போய்ப் படித்தவர்கள்.

ஸ்ரீபாலி கல்லூரி இன்றைக்கும் கலவன் பாடசாலைதான். 1996இலிருந்து அங்கே கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீபாலி வளாகமும் இருக்கு. அரங்கக் கலையும் ஊடகமும் அங்கே பட்டப்படிப்பு. எங்கட பக்கத்திலும் இராமநாதன் நுண்கலைக்கழகம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. ஆக, பட்டத்துக்குக் கலை படிக்க வழி இருக்கு.

பட்டம் எடுக்கப் போகாத பிள்ளைக்கு? சாதாரண தரத்தில் சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம், இலக்கியம் எல்லாம் ஒரே தொகுதிக்குள்ள. ஒன்றை எடுத்தால் மற்றது இல்லை. சோதனை கிட்ட வந்தால் கணிதத்துக்கு முதலில் பறிபோவதும் அந்தப் பாடவேளைதான்.

புதுக் கேட்போர்கூடம் கேட்பதில் பிழையில்லை. அதுக்கு முதல் நேரசூசியைக் கேட்போம். அந்த ஒரு பாடவேளையை யாரும் தொடக்கூடாது என்று கேட்கக் காசு தேவையில்லை.