காலித் தோட்டாவுக்கு ஏன் கணக்கு?

பி.காம். படிக்கிறவனுக்கும் தோட்டாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ஆரம்பமே ஒரு ஸ்டாக் கணக்கில்தான்.

முதல் வருடம் என்.சி.சி. முகாமில் பாயிண்ட் 22 ரைபிளில் ஆளுக்கு ஐந்து ரவுண்டு சுட்டோம். முடித்ததும் ஐந்து காலித் தோட்டாவையும் பொறுக்கி ஒப்படைக்க வேண்டும். என்னிடம் நாலுதான் இருந்தது. பெரம்பலூர் பசங்க, அரியலூர் பசங்க எல்லாரும் சேர்ந்து முக்கால் மணி நேரம் வெயிலில் புல்லைத் தடவினோம். கடைசியில் அது என் சட்டைக் கைமடிப்பில் இருந்தது! "சுட்டு முடிஞ்ச பித்தளைக்கு எதுக்கு உஸ்தாத் இவ்வளவு தேடல்?" என்றேன். "கணக்குன்னா கணக்குதான்" என்றார். மனசு ஆறவில்லை. தேடிப் படித்தேன்.

தோட்டாவில் நாலு பொருள் உண்டு: குண்டு, மருந்து, தட்டினால் பொறி பறக்கும் கேப், மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் பித்தளை உறை. சுட்டதும் முதல் மூன்றின் கதை முடிந்தது. உறை மட்டும் மிஞ்சும். கோலி சோடா பாட்டில் மாதிரி, திரும்ப நிரப்பலாம். ஆனால் ஒரு சிக்கல். வெடிக்கும் அழுத்தத்தில் உறை உப்பித் துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பின்பக்கம் புகை கசியாமல் இருக்க அது தேவையும்கூட. அழுத்தம் குறைந்ததும் கொஞ்சம் சுருங்கும், ஆனால் பழைய அளவுக்கு வராது. அதனால் மெழுகு தடவி, சரியான அளவில் கடைந்த எஃகு அச்சுக்குள் அழுத்தி, மறுபடி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அமெரிக்காவில் இதை வீட்டுப் பட்டறையில் பொழுதுபோக்காகவே செய்கிறார்கள்.

நான் தொலைத்த பாயிண்ட் 22-ல் தனியாகக் கேப் கிடையாது. பொறி மருந்து உறையின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். சுட்டால் விளிம்பு நசுங்கிவிடும், சாதாரணமாக அதை மறுபடி நிரப்ப முடியாது. ஆக நாங்கள் தேடியது வெறும் கணக்குக்காக. அப்படியானால் இந்தக் கணக்குப் பழக்கம் எதற்கு வந்தது?

அதற்குப் பதில் வடமேற்கு எல்லையில் கிடைக்கலாம் என்று எனக்குப் படுகிறது. அங்கே கோஹாட் கணவாயில் தர்ரா ஆதம் கேல் என்று ஒரு ஊர், இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. கைப்பட்டறையிலேயே துப்பாக்கி செய்து, காலித் தோட்டாவை மறுபடி நிரப்பிப் பேர் வாங்கிய ஊர். ஆங்கிலேயருக்கு இது பெரிய தலைவலி. சிப்பாய் விட்டுப்போன உறை நாளைக்கே அவன் மேல் குண்டாகத் திரும்பி வரலாமே! அந்தப் பயம் எதுவரை போனது தெரியுமா? 1900-களின் முதல் பத்தாண்டில் பாயிண்ட் 450 வேட்டைத் துப்பாக்கிகளுக்கு இந்தியாவில் தடை போட்டார்கள். அதன் குண்டைப் பிரித்தெடுத்தால் பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிக்குப் பொருந்தும் என்பதுதான் காரணம். தடையைத் தாண்ட, லண்டன் கம்பெனிகள் பாயிண்ட் 465, 470 என்று புது அளவுகளை விற்று லாபம் பார்த்தன. வியாபாரம் என்றால் இதுதான் :-)

இன்னொரு வேடிக்கை. ஆங்கிலேயரின் பித்தளைத் தோட்டாக்கள் சுடாமலேயே விரிசல் விட்டன! மழைக்காலத்தில் சண்டை குறைவு. தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைத்தார்கள். மழை ஓய்ந்து பார்த்தால், உறை குண்டைக் கவ்வும் கழுத்தில் கீறல். இதற்குப் 'பருவ விரிசல்' என்றே ஆங்கிலத்தில் பெயர் விழுந்தது. 1921-ல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் காரணத்தை விளக்கினார்கள். பித்தளையைச் சூடு காட்டாமல் அழுத்தி இழுத்தால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா பட்டால் அது பிளந்துகொள்ளும். இதற்கு வைத்தியம், இதமாகச் சூடு காட்டுவது. பாத்திரம் தட்டுகிற கன்னார் தட்டத் தட்ட நெருப்பில் காட்டுவதும் உலோகத்தின் இறுக்கம் போகத்தான். வீட்டில் உறையை அச்சில் அழுத்துகிறவர்களும் இதனால்தான் அவ்வப்போது அதன் கழுத்தைச் சூடாக்குகிறார்கள்.

இதைப் படித்ததும் அரியலூரில் எங்கள் ஆயா வீட்டு அண்டா ஞாபகம் வந்தது. மாட்டுக் கொட்டகையில் தவிடு போட்டு வைத்திருந்தது, ஒருநாள் விளிம்பில் மயிரிழை விரிசல் விட்டிருந்தது. நான்தான் கீழே போட்டேன் என்று திட்டு வாங்கினேன். இப்போது ஆயாவிடம் அம்மோனியா கதையைச் சொன்னால் நம்புமா?

சரி, நம் நாட்டில் வீட்டிலேயே தோட்டா நிரப்பலாமா? அந்த ஆசையே வேண்டாம். 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் போய் 1959-ல் சுதந்திர இந்தியாவின் சட்டம் வந்தது. அதிலும் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். தோட்டாவின் பாகங்களையும், அதைச் செய்யும் இயந்திரத்தையும்கூட அந்தச் சட்டம் 'தோட்டா' என்ற சொல்லுக்குள் சேர்த்துவிடுகிறது.

எங்கள் அக்கவுண்ட்ஸ் பாடத்தில் தேய்ந்த பொருளின் மதிப்பை 'ஸ்கிராப்' என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடுவோம். ஆட்சியில் இருப்பவர்கள் அப்படி எழுதவில்லை. தீர்ந்துபோனது என்று நாம் நினைப்பது இன்னொருவன் கையில் ஆரம்பமாக இருக்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உஸ்தாத் சொன்னது சரிதான், கணக்குன்னா கணக்குதான். அவர் சொல்லாமல் விட்டது, அந்தக் கணக்குக்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேலான ஒரு பயம் இருக்கிறது என்பதைத்தான்.