காப்புரிமை வாங்காத பெல்கள்

பெல் என்றால் தொலைபேசி. பள்ளிப்பாடம் ஏற்படுத்திய பழக்கம் இது, லேசில் போகாது. ஸ்காட்லாந்தில் பெல் என்பது நம்மூர் முருகேசனைப் போல எங்கும் காதில் விழுகிற பெயர். அதைக் குடும்பப் பெயராகக் கொண்டவர்களில் பாதிரியார்கள் உண்டு, தச்சர்கள் உண்டு, அறுவை மருத்துவர்கள் உண்டு. 1789-க்கும் 1876-க்கும் இடைப்பட்ட காலத்தில் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த நான்கு பெல்கள் ஒரு கற்பித்தல் முறையையும், ஒரு நீராவிக் கப்பலையும், ஓர் அறுவடை இயந்திரத்தையும், தொலைபேசியையும் உருவாக்கினார்கள். நால்வரில் ஒருவர் பெயர்தான் உலகெங்கும் நிலைத்தது. மற்ற மூவரின் வேலை சிறியது என்று சொல்லிவிட முடியாது. தங்கள் கண்டுபிடிப்பை யார் எந்தக் காகிதத்தில் பதிந்துவைத்தார்கள் என்று பார்த்தால் விடை ஓரளவு பிடிபடுகிறது.

நால்வரில் மூத்தவரின் கதை சென்னையில் நடக்கிறது. ஆண்ட்ரூ பெல் 1753-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் ஒரு நாவிதரின் மகனாகப் பிறந்தார். அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குப் போய்ப் பணக்காரப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். திரும்பும் வழியில் கப்பல் உடைந்தும் உயிர் தப்பினார். பிறகு பாதிரியாராகி 1787-இல் மதராஸில் வந்து இறங்கினார். இரண்டு ஆண்டுகளில் எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அனாதைப் பள்ளியின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கு இந்தியத் தாய்மாரிடம் பிறந்த பையன்கள் அங்கே படித்தார்கள். ஆசிரியர்கள் திறமை இல்லாதவர்கள். அதைவிடப் பெரிய தொல்லை, புதிதாக எதைச் சொன்னாலும் முடியாது என்பார்கள்.

ஒரு காலை குதிரைச் சவாரி போன பெல் ஒரு ‘மலபார்’ பள்ளியைக் கடந்தார். அக்கால ஆங்கிலேயர் தமிழர்களையும் மலபார் என்றே எழுதினார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, முன்னால் பரப்பிய மணலில் விரலால் எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தாள் இல்லை, மை இல்லை, தப்பானால் ஒரு கை தடவினால் போதும். எழும்பூரிலும் இதைச் செய்யுங்கள் என்றார் பெல். ஆசிரியர்கள் வழக்கம்போல் நழுவினார்கள். பொறுமை இழந்த பெல், ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு அரிச்சுவடி வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். பெரியவர்களால் முடியாதது பையனால் முடிந்தது. கொஞ்ச காலத்தில் பள்ளி முழுவதிலும் மாணவர்களுக்கு மாணவர்களே ஆசிரியர்கள் ஆனார்கள்.

1797-இல் லண்டனில் இதைச் சிறு நூலாக வெளியிட்டார் பெல். மணலில் எழுதும் வழக்கத்தை மலபார் பள்ளியிலிருந்து எடுத்ததாக ஒப்புக்கொண்ட அவர், மாணவனை ஆசிரியனாக்கும் யோசனை தன்னுடையது என்றே வாதாடினார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்த எந்தத் தாத்தாவும் இதைக் கேட்டால் சிரித்திருப்பார். வாத்தியாருக்கு அடுத்தபடியாகச் சட்டாம்பிள்ளை இல்லாத திண்ணைப் பள்ளி ஏது? பெல்லாரி கலெக்டராக இருந்த ஏ.டி. கேம்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கையில், நன்கு படிக்கும் மாணவர்களைக் கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் இந்நாட்டு முறை பாராட்டுக்குரியது, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்று தெளிவாகவே எழுதினார். அந்த அறிக்கை அரசு அலுவலகத்துக்குப் போனது. புத்தகம் லண்டன் கடைகளில் கிடைத்தது.

லண்டனில் ஜோசஃப் லங்காஸ்டர் என்ற குவேக்கர் ஆசிரியரும் 1798 முதல் இதே போன்ற பள்ளி நடத்தினார். யார் முதலில் என்ற சண்டை விரைவில் ஆங்கிலிக்கத் திருச்சபைக்கும் மற்ற கிறிஸ்தவர்களுக்குமான கட்சிச் சண்டையாக மாறியது. பெல்லின் பக்கம் திருச்சபை நின்றது, பணமும் நின்றது. 1811-இல் அவருடைய முறையைப் பரப்பத் தேசியக் கழகம் தொடங்கப்பட்டது. 1832-இல் அவர் இறந்தபோது சுமார் 12,000 பள்ளிகளில் ‘மெட்ராஸ் முறை’ நடைமுறையில் இருந்தது. உயிலில் கல்விக்கென ஏறத்தாழ 1,20,000 பவுண்டு எழுதிவைத்திருந்தார். செயின்ட் ஆண்ட்ரூஸில் அந்தப் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றே பெயர். மணலில் எழுதச் சொல்லித்தந்த அந்தத் தமிழ் வாத்தியார் பெயர் எங்கும் இல்லை.

ஹென்றி பெல்லுக்குப் புத்தகம் எழுதும் பழக்கமோ சேமிக்கும் பழக்கமோ இருந்ததில்லை. 1767-இல் டார்ஃபிக்கனில் பிறந்தவர். ஆலைப் பொறி வேலை, கப்பல் தளம், கிளாஸ்கோவில் வீடு கட்டும் தச்சுவேலை என்று சுற்றிவிட்டு ஹெலன்ஸ்பரோ என்ற கடலோரச் சிற்றூரில் தங்கினார். அங்கே குளியல் விடுதியை மனைவி கவனித்துக்கொண்டார், இவர் கனவு கண்டார். கிளாஸ்கோவிலிருந்து விருந்தாளிகள் காற்று தயவில் பாய்மரப் படகில் வந்து சேர்வதற்குள் விடுமுறையே முடிந்துவிடும்! போர்ட் கிளாஸ்கோவில் ஜான் வுட் கட்டிய, 50 அடிக்கும் குறைந்த ஒரு மரக்கப்பலில் ஜான் ராபர்ட்சனின் சிறிய நீராவி எஞ்சினைப் பூட்டினார். முந்தைய ஆண்டு வானில் தோன்றிய வால்நட்சத்திரத்தின் நினைவாக அதற்கு காமெட் என்று பெயர். 1812 ஆகஸ்டில் பத்திரிகை விளம்பரம் வந்தது. வாரத்தில் மூன்று நாள் கிளாஸ்கோவிலிருந்து புறப்படும், உயர்வகுப்புக்கு நான்கு ஷில்லிங், அடுத்ததற்கு மூன்று.

பணம் கட்டி ஏறும் பயணிகளை ஐரோப்பாவில் வெற்றிகரமாக ஏற்றிச்சென்ற முதல் நீராவிக் கப்பல் இதுதான். நீராவிப் படகு என்ற யோசனை இவருடையதல்ல. வில்லியம் சிமிங்டனின் சார்லட் டண்டாஸ் 1803-லேயே ஓடிக் காட்டியது, அமெரிக்காவில் ஃபுல்டன் 1807-இல் சேவை தொடங்கியிருந்தார். ஆகவே பெல் காப்புரிமை கேட்கவும் பெரிதாக எதுவும் இல்லை. சில ஆண்டுகளிலேயே கிளைட் ஆற்றில் பெரிய, வேகமான போட்டிக் கப்பல்கள் வந்துவிட்டன. பாய்லர் செய்துகொடுத்த டேவிட் நேப்பியருக்குப் பணம் கடைசிவரை வந்து சேரவில்லை. 1820-இல் காமெட் பாறையில் மோதி உடைந்தது. கிளைட் துறைமுகத்தார் தந்த ஆண்டுப் படியில் காலம் தள்ளி 1830-இல் ஹென்றி இறந்தார்.

பேட்ரிக் பெல் விஷயம் வேறு. இவருக்குக் காப்புரிமை கிடைத்திருக்கும், இவர்தான் வேண்டாம் என்றார்.

1799-இல் விவசாயி மகனாகப் பிறந்து, பாதிரியார் படிப்புப் படித்துக்கொண்டிருந்தவர். தோட்டக் கத்தரிக்கோல் ஒன்றைப் பார்த்ததும், இதையே வரிசையாகப் பொருத்தினால் பயிர் அறுக்கலாமே என்று தோன்றியது. கேலிக்குப் பயந்து சோதனையைப் பண்ணைக் கொட்டகையில் நடத்தினார். தரையில் மண் கொட்டிப் பரப்பி, ஓட்ஸ் தாள்களை வயலில் நிற்கும் நெருக்கத்தில் ஒவ்வொன்றாகக் கையால் நட்டார். கதவைச் சாத்திக்கொண்டு இயந்திரத்தைத் தள்ளினார். அறுத்தது, ஆனால் தாள்கள் தாறுமாறாக விழுந்தன. அவற்றை ஒரு பக்கமாகச் சாய்த்துப்போட உருளும் துணிப்பட்டை ஒன்றைச் சேர்த்தார். பிறகு ஒருநாள் இரவு பதினொரு மணிவாக்கில், ஊர் அடங்கியபின், சகோதரரோடு சேர்ந்து குதிரையைப் பூட்டிக் கோதுமை வயலில் இறக்கினார். குதிரை பின்னால் நின்று தள்ளும், இயந்திரம் முன்னால் அறுத்துக்கொண்டு போகும்.

1828-இல் ஊரறியச் செய்துகாட்டினார். ஹைலண்ட் வேளாண் சங்கம் 50 பவுண்டு பரிசு தந்தது. உழவர் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று காப்புரிமை பெறாமல் விட்டார். நல்ல மனம்தான். ஆனால் காப்புரிமை இல்லாத பொருளில் முதல் போட்டு மேம்படுத்தவும் ஊர் ஊராக விற்கவும் எவருக்கும் அவசரம் இருக்கவில்லை. அமெரிக்காவில் ஓபெட் ஹஸ்ஸி 1833-இலும் சைரஸ் மெக்கார்மிக் 1834-இலும் காப்புரிமை பெற்றார்கள். மெக்கார்மிக் சிகாகோவில் தொழிற்சாலை கட்டினார். 1851 லண்டன் கண்காட்சியில் பதக்கம் அவருக்குப் போனது. பேட்ரிக் கார்மைலி கிராமத் தேவாலயத்தில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். ஸ்காட்டிஷ் விவசாயிகள் 1,000 பவுண்டு திரட்டிக் கொடுத்தது 1868-இல். அடுத்த ஆண்டே இறந்துவிட்டார்.

இந்த நால்வருக்கு வெளியே, மருத்துவத்தில் சார்லஸ் பெல். முகவாதத்துக்கு இன்றும் இவர் பெயர்தான். மூளை பற்றிய நூலை 1811-இல் வெறும் 100 பிரதி அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார். உணர்வு நரம்பும் இயக்க நரம்பும் வேறு என்பதைப் பிரெஞ்சு அறிஞர் மஜந்தீ 1822-இல் தெளிவாக நிறுவியதும், அது எனதே என்று அந்த நூலைக் காட்டினார். பழைய கட்டுரைகளை மறுபதிப்பில் சத்தமில்லாமல் திருத்தியும் விட்டார். இன்று அந்த விதிக்கு இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. தாராளமான பங்கீடு.

இனி நமக்குத் தெரிந்த பெல். தாத்தா அலெக்சாண்டர் பெல் செயின்ட் ஆண்ட்ரூஸில் செருப்புத் தைத்து, நாடகத்தில் நடித்து, பிறகு பேச்சுப்பயிற்சி ஆசிரியரானவர். தந்தையும் அலெக்சாண்டர், 1867-இல் ‘காணும் பேச்சு’ என்ற ஒலிக்குறி முறையை வெளியிட்டவர். 1847-இல் பிறந்த பேரனும் அலெக்சாண்டர். வீட்டில் ஒரே பெயரில் மூன்று பேர். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுப்பெயர் இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லையே என்று பையன் நச்சரித்தான். குடும்ப நண்பர் ஒருவரின் பெயரான கிரஹாம், 11-ஆம் பிறந்தநாளில் அவனுக்குக் கிடைத்தது.

1876 பிப்ரவரி 14 அன்று அவருடைய வழக்கறிஞர் வாஷிங்டன் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தார். அதே நாளில் இதே போன்ற கருவிக்கு எலிஷா கிரே என்பவரின் காப்புரிமை முன்னறிவிப்பும் வந்து சேர்ந்தது. மார்ச் 7 அன்று 174,465 என்ற எண்ணில் காப்புரிமை வழங்கப்பட்டது. தொலைபேசியில் புரியும்படியான பேச்சு கேட்டது அதற்கு மூன்று நாள் கழித்துத்தான். பேட்ரிக் பெல் இயந்திரத்தை ஓட்டிக் காட்டியபின்னும் பதியவில்லை, கிரஹாம் பெல் கருவி பேசுவதற்கு முன்பே பதிந்துவிட்டார். சுமார் 600 வழக்குகள் வந்தன. 1888-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் பாடப்புத்தகமும் மாறியிருக்கும்.

அதன்பின் பெயர் மனிதர்களிடமிருந்து நிறுவனங்களுக்குப் போனது. 1947-இல் இது வேடிக்கையான குழப்பம் தந்தது. அக்டோபரில் ஒலியின் வேகத்தை மிஞ்சிய எக்ஸ்-1 விமானம் ‘பெல்’ தயாரிப்பு, டிசம்பரில் பிறந்த டிரான்சிஸ்டரும் ‘பெல்’ தயாரிப்பு. விமான நிறுவனம் இண்டியானாக்காரரான லாரன்ஸ் பெல் தொடங்கியது, டிரான்சிஸ்டர் பிறந்த ஆய்வகம் தொலைபேசி நிறுவனத்தினுடையது. டிரான்சிஸ்டரை உருவாக்கிய பார்டீன், பிராட்டைன், ஷாக்லி எவரும் பெல் இல்லை.

விஞ்ஞானத்தில் காப்புரிமைக்கு வேலையில்லை, கட்டுரைதான் பட்டா. பெல்ஃபாஸ்டில் பிறந்த ஜான் பெல், குவாண்டம் இயற்பியலின் அடித்தளத்தைச் சோதிக்க வழிசொன்ன தேற்றத்தை 1964-இல் ஒரு புது இதழுக்குக் கொடுத்தார். பிரசுரக் கட்டணம் கேட்காத இதழ் என்பது ஒரு காரணம். சில ஆண்டுகளில் இதழ் நின்றுபோனது. அவர் 1990-இல் இறந்தார். அவருடைய சமனின்மையைச் சோதித்தவர்களுக்கு 2022-இல் நோபல் கிடைத்தது.

வட அயர்லாந்தின் இன்னொரு பெல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சி மாணவி ஜோசலின். தானும் சேர்ந்து கம்பி கட்டி எழுப்பிய ரேடியோ தொலைநோக்கி நாளொன்றுக்கு 30 மீட்டர் அளவுக்குத் தாளைக் கக்கும், அத்தனையையும் கண்ணால் பார்க்கவேண்டும். 1967-இல் அந்தத் தாளில் அரை சென்டிமீட்டர் இடத்தில் ஒரு கிறுக்கல். தூசு என்று தள்ளாமல் பின்தொடர்ந்தார். நவம்பர் 28 அன்று வேகமாக ஓடவிட்ட தாளில், 1.33 நொடிக்கு ஒருமுறை துடிப்பு தெரிந்தது. முதலில் கண்டறியப்பட்ட பல்சார், அதாவது துடிப்பு விண்மீன், அது. 1974 நோபல் பரிசு அவருடைய வழிகாட்டி ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. மாணவர்களுக்கு நோபல் தருவது விதிவிலக்காகவே இருக்கவேண்டும் என்று ஜோசலினே பின்னர் சொன்னார். அவரை விடவும் மற்றவர்கள்தான் அதிகம் கோபப்பட்டார்கள். 2018-இல் 30 லட்சம் டாலர் கொண்ட பிரேக்த்ரூ சிறப்புப் பரிசு வந்தபோது முழுத் தொகையையும், இயற்பியலில் குறைவாகவே இடம்பெறும் பிரிவினரின் முனைவர் பட்ட உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார்.